தண்ணீருக்குள் பேசுகிறவர்கள்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் மாவு அரைத்தேன். மோட்டார் மறுபடியும் தண்ணீர் இழுக்கவில்லை. இவர் பொன்மலை ஒர்க் ஷாப்பில் ரயில் பெட்டிகளையே பிரித்து மாட்டுகிறவர். வீட்டு மோட்டாரை மட்டும் தொட மாட்டார். "ஆளைக் கூப்பிடு அன்பு" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

இட்லி சாப்பிடும்போது நறுமுகை சொன்னாள்: "அம்மா, டிசம்பர் கடைசில அந்தமான் போறேன். ஃப்ரெண்ட்ஸோட. கடலுக்கு அடில போகப் போறோம். ஸ்கூபா."

"நீச்சலே தெரியாதேடி உனக்கு?"

"தெரிய வேண்டாமாம். முதல் தடவை போறவங்களுக்குன்னே இருக்கு. கூடவே ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வருவாங்க."

அதோடு நிற்கவில்லை. அவள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டும் வாங்கப் போகிறாளாம். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அதில்தான் போடுவாளாம்.

நறுமுகைக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மெஷின் மாட்டினால் லாரி ஹாரனும் மிக்ஸியும் தெரியும், பேச்சு தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவாள். அவளைப் பேசவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தொண்டையில் அவள் கையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. சைகை காட்டவே விடக் கூடாது, விட்டால் பேச்சு வராது என்று பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் செய்தோம். இன்றைக்கும் அவள் பெயரில் இருக்கும் 'று' மட்டும் வராது. மற்றதெல்லாம் வந்துவிட்டதே.

நவம்பர் 12, புதன்

மோட்டாருக்கு ஆள் வரவில்லை.

லேப்டாப்பில் நான்கு கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் விமானப் பயணத்துக்குப் பாயிண்ட் சேருமாம். ஒன்றில் ஏர்போர்ட்டில் சொகுசு அறையில் உட்கார்ந்து இலவசமாகச் சாப்பிடலாமாம். ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணமே கிடையாது. இன்னொன்றில் பயண இன்சூரன்ஸ் உண்டு, ஆனால் கடல் விளையாட்டுக்கு அது செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை அவள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள். பொடி எழுத்தைப் படிக்கிற பொறுமை அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்காது.

சாப்பாடு போடுகிற கார்டை வாங்கு என்றேன். அதை ஏற்கெனவே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாளாம். பாயிண்ட் கார்டையும்தான்.

"ஏன்டி, அதுதானே நல்லாயிருக்கு?"

"அந்த ரெண்டு பேங்கும் போன்ல பேசித்தான் சரிபார்ப்பாங்கம்மா."

"பேசட்டுமே. நான் எடுக்கறேன்."

லேப்டாப்பை மூடினாள். "பசிக்குது" என்று எழுந்து போய்விட்டாள். நான்கு மணிக்குத்தான் வயிறு நிறைய பொங்கல் தின்றிருந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

இவர் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம், தஞ்சாவூரில். நல்ல கூட்டம். சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஏதோ கதை சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நறுமுகை என் முழங்கையைத் தொட்டு, "என்ன?" என்றாள்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபின் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், கதை ஞாபகம் வரவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள்.

நவம்பர் 19, புதன்

ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். போன் பேச மாட்டோம், வீடியோவில் முகம் பார்த்தால் போதும் என்று அந்த பேங்க் போட்டிருந்ததாம். ஆனால் இன்று பள்ளியில் மூன்றாம் பீரியடில் பாடம் நடத்தும்போது எனக்கு அழைப்பு வந்தது. அவளுடைய கணக்கு எல்லாவற்றிலும் என் நம்பர்தான் இருக்கிறது.

வராந்தாவில் நின்று, "ஆமா, நறுமுகைதான் பேசறேன்" என்றேன். பிறந்த தேதி, கம்பெனி பெயர், சம்பளம் எல்லாம் சொன்னேன். எனக்கு இது புதிதல்ல. அவள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து போனில் நான்தான் நறுமுகை. காஸ் கம்பெனிக்கு, ஹாஸ்டல் வார்டனுக்கு, பெங்களூரில் இருக்கும் அவள் ஆபீஸுக்கு. அந்த ஆபீஸுக்குத்தான் அவள் வீட்டிலிருந்தே பிஸ்கட் டப்பா, சோப்பு உறைகளெல்லாம் வரைந்து கொடுக்கிறாள். அவளாக நான் பேசும்போது என் குரல் இளசாகிவிடுகிறது என்று இவர் கேலி செய்வார்.

சாயங்காலம் சந்தோஷமாகச் சொன்னேன், எல்லாம் முடித்துவிட்டேன் என்று.

"என்னைக் கேக்காம ஏன்மா பேசின?"

"நீ எப்படிடி பேசுவ?"

நாலாம் வகுப்புத் தமிழ்த் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். எதையும் கவனமாகத் திருத்தினேன் என்று சொல்ல முடியாது.

நவம்பர் 21, வெள்ளி

வீடியோ சரிபார்ப்பு. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே தலைவாரி, நீலச் சுடிதார் போட்டுத் தயாராக இருந்தாள். தனக்குக் காது கேட்காது, கேள்விகளை எழுதிக் கேட்டால் பதில் எழுதுகிறேன் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தாள். கேமராவுக்குத் தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

திரையில் வந்த பையன் தாளைப் படித்தான். "மேடம், நீங்க வாயால பேர் சொல்லணும். ரூல்" என்றான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னாள். இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த 'று' வழுக்கிக்கொண்டே போனது. நான் வாயசைத்துக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"குரல் தெளிவா இல்லை, வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

எனக்கு அந்தப் பையன் மேல்தான் கோபம். மதியம் புளிக்குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. என் போனுக்கு.

நவம்பர் 28, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு தில்லைநகர் பேங்குக்குக் கூட்டிப் போனேன். அவளுடைய சம்பளக் கணக்கு அங்கே இருக்கிறது. கார்டு பிரிவில் ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார்.

"பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "எவ்வளவு வருஷமா?" சொன்னேன். "எதுக்குக் கார்டு?" சொல்ல வாயெடுத்தேன். நறுமுகை தன் போனில் ஏதோ தட்டி, மேஜைமேல் அந்த அம்மாள் பக்கமாக நகர்த்தினாள். 'கார்டு எனக்கு. என்னைக் கேளுங்கள்.'

அந்த அம்மாள் படித்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சாரிம்மா. மெதுவாப் பேசினாப் புரியுமா?"

"புரியும்" என்றாள் நறுமுகை.

அப்புறம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். வட்டி எப்போதிலிருந்து போடுவீர்கள், தாமதமானால் என்ன, வெளிநாட்டில் தேய்த்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. புரியாததை எழுதிக் காட்டிக்கொண்டார்கள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலண்டரில் அடுத்த வருட விடுமுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு நல்ல லீவு.

டிசம்பர் 8, திங்கள்

கார்டு வந்துவிட்டது. கருநீலம். அவள் பெயர் வெள்ளி எழுத்தில். இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேய்க்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கம்மா" என்றார். அதற்கே அவருக்குக் கண் கலங்கியதுபோல் இருந்தது, கேட்டால் தூசி என்பார்.

அதில் அவள் நம்பரைக் கொடுத்துவிட்டாளாம். மற்றக் கணக்குகளிலும் மாற்றிவிட்டாளாம். "இனிமே ஓடிபி உனக்கு வராதும்மா."

நல்லதுதான். வகுப்பு நேரத்தில் பெரிய தொல்லை அது.

டிசம்பர் 10, புதன்

இன்று போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

டிசம்பர் 13, சனி

காது டாக்டரிடம் போனோம். செவிப்பறை நன்றாக இருக்கிறது, கேட்கும் நரம்பில்தான் கோளாறு, அதனால் கடலுக்குள் போகத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று சொல்வார் என நினைத்திருந்தேன்.

நண்பர்களில் ஒரு பெண் வர முடியவில்லையாம். நான் வருகிறேன் என்றேன். அரையாண்டு லீவுதானே. ஹோட்டலில், ஏர்போர்ட்டில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

நறுமுகை சொன்னாள்: "வா. ஆனா கரையில உக்கார்ந்து பை காவல் காக்கக் கூடாது. நீயும் தண்ணிக்குள்ள வரணும்."

"எனக்கு அம்பத்தி மூணு வயசுடி!"

"டாக்டர்கிட்டதானே இருக்கோம். கேளு."

கேட்டேன். எனக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 26, வெள்ளி. ஹேவ்லாக் தீவு

விமானம், பிறகு கப்பல். வழியெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டிய இடமே வரவில்லை. எல்லாவற்றுக்கும் போனைக் காட்டுகிறார்கள்.

நண்பர்கள் இரண்டு பேர். பெங்களூரிலிருந்து ஃபர்ஹானா, சென்னையிலிருந்து டேனியல். இருவருக்கும் கேட்காது. கப்பலில் மூவரும் கையால் பேசிக்கொண்டே வந்தார்கள். இவ்வளவு வேகமாக நறுமுகை பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை நிறுத்திச் சொல்கிறவள்.

ஃபர்ஹானா அவளைக் கூப்பிட, இரண்டு விரலால் மோவாயில் ஒரு இடத்தைத் தட்டுகிறாள். டேனியலும் அதையேதான் செய்கிறான். அங்கே நறுமுகைக்கு ஒரு மச்சம் இருக்கிறது.

"அது என்னடி?" என்று கேட்டேன்.

"என் பேரும்மா."

"உன் பேரா? யார் வச்சது?"

"காலேஜ்ல. ஃபர்ஹானா வச்சா."

ஆக எட்டு வருடமாக என் மகளுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. கடல் நல்ல பச்சையாக இருந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள்.

டிசம்பர் 27, சனி

சொல்லிக்கொடுக்கும் பெண் ஜெசிந்தா. தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் குடியேறிய குடும்பமாம். நல்ல தமிழ். எனக்குத் தெம்பாக இருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. முதுகில் சிலிண்டர், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், வாயில் கடிக்கும் ரப்பர். மூக்கால் மூச்சு விடக் கூடாது. உள்ளே போனால் பேச்சு கிடையாது, கைதான். நன்றாக இருக்கிறேன் என்றால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். சிரமம் என்றால் விரித்த கையை இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும். அவர்கள் மூவரும் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா சிரித்தார். "இவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? தண்ணிக்குள்ள நானே ஊமை. இவங்கதான் கதை பேசுவாங்க."

நான்தான் மக்கு. நன்றாக இருக்கிறேனா என்று ஜெசிந்தா கேட்கும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்தினேன். தண்ணீருக்குள் அதற்கு மேலே போக வேண்டும் என்று அர்த்தமாம். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, என்னை மேலே தூக்கிக்கொண்டே இருந்தார். டேனியல் சிரித்துச் சிரித்துத் தண்ணீரை விழுங்கிவிட்டான்.

நறுமுகை என் விரல்களைப் பிடித்து வட்டமாக வைத்துவிட்டாள். அவள் கை ஈரமாக, சூடாக இருந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

படகில் போனோம். நறுமுகை மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு என்னிடம் தராமல் தன் பையிலேயே வைத்தாள். ஆளுக்கொரு பயிற்சியாளர். என்னை ஜெசிந்தா பிடித்துக்கொண்டார். கயிற்றைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். காதில் வலி, மூக்கைப் பிடித்து ஊதினேன், விட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சள் மீன்கள், கூட்டமாக, பள்ளி விட்டதும் கேட்டைத் தாண்டும் பிள்ளைகளைப்போல.

கொஞ்ச தூரத்தில் அவர்கள் மூவரும். பாறைப் பக்கம் எதையோ காட்டி விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மாஸ்க்கின் ஓரத்தில் தண்ணீர் புகுந்தது. கொஞ்சம்தான். கண் எரிந்தது. சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துவிட்டது. மூக்கால் இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. நெஞ்சு அடைத்தது. கை காலெல்லாம் உதறினேன். ஜெசிந்தா என் தோளைப் பிடித்து ஏதோ சைகை காட்டினார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நறு, நறு என்று கத்தினேன். குமிழிதான் வந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவள் எப்படித் திரும்பினாள் என்று தெரியாது. திரும்பிவிட்டாள். தன்னோடு வந்தவரையும் இழுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நின்றாள். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினாள்: என்னைப் பார். பிறகு கையை நெஞ்சில் வைத்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள், மறுபடி நெஞ்சுக்கு. மூச்சை விடு. இழு. விடு. அவள் குமிழிகள் மேலே போவதைப் பார்த்து என்னுடையதை விட்டேன். மாஸ்க்கின் மேல்பக்கத்தை அழுத்தி மூக்கால் ஊதச் செய்தாள். தண்ணீர் வெளியே போனது.

அதற்கப்புறம் அவள் ஏதோ சொன்னாள். கையால்தான். அவசரமில்லை, இங்கேயே இருக்கிறேன், வேண்டுமானால் மேலே போகலாம். இந்த மூன்றையும் சொன்னாள். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத மொழி அது. எல்லாம் புரிந்தது.

நான் வட்டம் காட்டினேன். சரியாகத்தான் காட்டினேன்.

படகில் ஏறியதும் ஜெசிந்தா கேட்டார்: "பயந்துட்டீங்களாக்கா?"

"இல்ல" என்றேன்.

டிசம்பர் 28, இன்னும் கொஞ்சம்

சாயங்காலம் கடற்கரைக் கடையில் மீன் வறுவல். ஃபர்ஹானா ஒரு கதை சொன்னாள். முகம், தோள், கை எல்லாம் சேர்ந்து. நறுமுகை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், டேனியல் மேஜையைத் தட்டினான். நானும் சிரித்துவைத்தேன். பிறகு நறுமுகையின் முழங்கையைத் தொட்டு, "என்ன?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்புறம் சொல்றேம்மா."

வேண்டுமென்றே அப்படிச் சொன்னாள் என்று இல்லை. கதையின் நடுவில் இருந்தாள், அவ்வளவுதான்.

மீன் ஆறிவிட்டது.

டிசம்பர் 30, செவ்வாய்

காலையில் கரையோரம் நடந்தோம், நானும் அவளும் மட்டும். பிப்ரவரியிலிருந்து பெங்களூரிலேயே இருக்கப் போகிறாளாம். ஃபர்ஹானாவோடு வீடு பார்த்துவிட்டாளாம். கார்டு வாங்கியதும் அதற்குத்தானாம், அந்தமானுக்கு மட்டுமில்லையாம். தனியாக இருக்கப் போகிறவளுக்குத் தன் பெயரில் ஒன்று வேண்டும் என்று.

"வீட்டுக்காரங்க போன் பண்ணா?"

"மெசேஜ் பண்ணச் சொல்லியிருக்கேன்."

"ராத்திரி உடம்பு சரியில்லேன்னா? கதவைத் தட்டினா எப்படித் தெரியும்?"

"தட்டினா எரியற லைட் இருக்கு. ஃபர்ஹானா வீட்டில ஏற்கெனவே வச்சிருக்கா."

எனக்கு வேறு கேள்வி கிடைக்கவில்லை. தேடினேன்.

"அப்ப எனக்கு என்னடி வேலை?" என்று வாயில் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னதால் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவள் என் தோளைத் திருப்பி, "திரும்பிச் சொல்லு" என்றாள்.

திரும்பிச் சொன்னேன்.

யோசித்தாள். "எனக்காகப் பேசாத. எங்கூடப் பேசு" என்றாள். குரலில் இல்லை, கையால். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு வாயாலும் சொன்னாள்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மீன்களைப் பற்றிச் சொன்னேன். மோட்டார் சரியாகிவிட்டது, நாங்கள் இல்லாதபோது இவரே பிரித்து மாட்டியிருக்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

புத்தூர் பக்கம் ஒரு கூடத்தில் ஞாயிறுதோறும் சைகை மொழி வகுப்பு நடக்கிறது. நறுமுகையிடம் சொல்லவில்லை. இவரிடம் ஜவுளிக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சொல்லிக்கொடுப்பவர் வரதராஜன். அவருக்கும் கேட்காது. வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்: உள்ளே வந்தால் பேச்சு கூடாது. மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். என் விரல்கள் மடங்கவே மாட்டேன் என்கின்றன. நான் தவறாகக் காட்டிய ஒவ்வொரு தடவையும் அவர் பொறுமையாக, மறுபடி, என்று காட்டினார். வீட்டுக்கு வரும்போது தோள்பட்டையெல்லாம் வலி. துணி எங்கே என்று இவர் கேட்டார். ஒன்றும் பிடிக்கவில்லை என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

போனேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று வகுப்புக்குப் போகவில்லை. நறுமுகையை ரயிலேற்றிவிட்டோம். இரண்டு பெட்டி, ஒரு கணினி, ஒரு ஊறுகாய் பாட்டில். இவர் ரயில் பெட்டியின் சக்கரத்தையெல்லாம் குனிந்து பார்த்தார், எங்கேயோ கிரீச் சத்தம் வருகிறதாம். வண்டி கிளம்பும்வரை நிமிரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வகுப்பு முடிந்து வந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன். எப்போதும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை அருகில் கொண்டுபோய்ப் பேசுவேன். இன்று அதைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.

அவள் எடுத்ததும் மோவாயில் இரண்டு விரலால் தட்டினேன். பிறகு, சாப்பிட்டாயா, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீடு என்பதைத் தலைகீழாகக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அவளும் போனை எங்கேயோ சாய்த்துவைத்தாள். பேச ஆரம்பித்தாள், இரண்டு கையாலும். முதலில் மெதுவாக, பிறகு அவளையறியாமல் வேகமாக. சமையலறை, ஜன்னல், பக்கத்து வீட்டு நாய், ஃபர்ஹானா எதையோ கருகவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

பாதிதான் புரிந்தது. தலையாட்டவில்லை. கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி, என்று கேட்டேன்.

முதலிலிருந்து சொன்னாள்.